வளர்ப்புப் பராமரிப்புக்கு ஒரு பிள்ளை வருகிறது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. கடைக்குப் போக நேரமாகிவிட்டதென்று அடுப்படியிலிருந்து "சீக்கிரம் கிளம்பு" என்று குரல் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால், தன் துணி முழுவதையும் பையில் அடைத்து, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். ஏழு வயது. அழவில்லை. "இப்போ எந்த ஹோம் மிஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

எங்களிடம் வருவதற்கு முன்பே அவள் மூன்று இடம் மாறியிருந்தாள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது கடைக்குப் போகிற வார்த்தை, அவளுக்கு வேறு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "கிளம்பு" கிடையாது. "கடைக்குப் போயிட்டு வரலாம் வா" என்றுதான் சொல்வோம். "வரலாம்" என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வோம்.

வளர்ப்புப் பராமரிப்புக்கு விண்ணப்பித்திருப்பவர்களுக்கும் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது கீழே வரும்.

இது தத்து இல்லை

சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்னும் புரியாத விஷயம் இது. தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி உங்களுடையது. வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளை உங்கள் வீட்டில் வளர்கிறது, அவ்வளவுதான். அதற்கு ஒரு அம்மாவோ அப்பாவோ எங்கோ இருக்கலாம். நோய், சிறை, குடி, வறுமை என்று ஏதோ ஒன்றால் அவர்களால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. நிலைமை சரியானால் பிள்ளை திரும்பிப் போகலாம்.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு இதற்கு வழி செய்கிறது. பிள்ளையை உங்களிடம் ஒப்படைக்க உத்தரவு போடுவது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. தொடங்க வேண்டிய இடமும் அந்த அலகுதான். 2024-இல் வந்த மத்திய அரசின் மாதிரி வழிகாட்டுதலின்படி திருமணமாகாதவர்கள், துணையை இழந்தவர்கள், மணவிலக்கு பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். தனியாக இருக்கும் ஆணுக்கு ஆண் பிள்ளையை மட்டும் கொடுப்பார்கள். வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஆறு வயதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிள்ளையின் செலவுக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. அதை வருமானமாகக் கணக்குப் போடுபவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

வருவதற்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை

தடுப்பூசி அட்டை, ஆதார், பள்ளியில் மாணவருக்குத் தரும் எமிஸ் அடையாள எண் இதையெல்லாம் எல்லோரும் கேட்பார்கள். பிள்ளைக்கென எழுதிய தனிநபர் பராமரிப்புத் திட்டம் ஒன்று இருக்கும், அதையும் கேட்டுப் படியுங்கள். ஆனால் மனசு சம்பந்தமான விவரம் காகிதத்தில் அதிகம் இருக்காது. அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்க ஆளும் சரியாகப் பார்க்க வேண்டும். பிள்ளை இருந்த குழந்தைகள் இல்லத்தின் கண்காணிப்பாளரைவிட, அங்கே சமையல் செய்யும் அக்காவுக்கும் இரவில் உடன் படுக்கும் அம்மாவுக்கும் அதிகம் தெரியும்.

நான் கேட்டதும், கேட்க மறந்து பிறகு வருந்தியதும்: இரவில் விளக்கு எரிந்தால் தூங்குவாளா, அணைத்தால் தூங்குவாளா? பக்கத்தில் யார் படுப்பார்கள்? எதைக் கண்டால் பயம்? வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? கூடப் பிறந்தவர்கள் எங்கே? அவர்களைப் பார்க்க முடியுமா? உடன்பிறந்தவர்களை முடிந்தவரை ஒன்றாக வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கடைசியாக ஒன்று: எங்கள் வீட்டைப் பற்றி அவளிடம் இதுவரை என்ன சொல்லியிருக்கிறீர்கள்?

கடைசிக் கேள்வியைத்தான் நான் கேட்க மறந்தேன். "அங்கே போனா அம்மா வருவாங்க" என்று யாரோ அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். முதல் வாரம் முழுக்க, கேட் சத்தம் கேட்டால் ஓடுவாள்.

ஒப்படைப்பதற்கு முன் இரண்டு மூன்று முறையாவது நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வர அனுமதி கேளுங்கள். வீட்டின் புகைப்படம் சில எடுத்துப் போங்கள். வரவேற்பறை வேண்டாம். பாத்ரூம், அவள் படுக்கப்போகும் இடம், வீட்டில் இருப்பவர்களின் முகம், நாய் இருந்தால் நாய்.

முதல் நாள், முதல் இரவு

என் மாமியார் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார். ஆசையாகத்தான் கரைத்து வைத்திருந்தார். அந்தச் சிவப்புத் தண்ணீரைப் பார்த்ததும் பிள்ளை, அழைத்து வந்த பெண் பணியாளரின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் முன்பு என்ன பார்த்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அவர் செய்த பெரிய உதவி அது.

முதல் நாள் கூட்டம் வேண்டாம். அத்தை, சித்தப்பா, எதிர்வீட்டு மாமி எல்லோரும் இரண்டு வாரம் கழித்து வரட்டும். புது உடுப்பு கொடுங்கள், ஆனால் அவள் போட்டுக்கொண்டு வந்ததைத் தூக்கிப் போடாதீர்கள், உடனே துவைக்கவும் வேண்டாம். அவளுக்குத் தெரிந்த வாசனை அந்த வீட்டில் அது ஒன்றுதான். பையை அவளே வைக்க ஒரு இடம் காட்டுங்கள். யாரும் திறக்க மாட்டோம் என்று சொல்லி, சொன்னபடி இருங்கள்.

வீட்டைச் சுற்றிக் காட்டும்போது பெரியவர்கள் டிவியையும் பூஜை அறையையும் காட்டுவார்கள். பிள்ளைக்குத் தெரிய வேண்டியது வேறு: பாத்ரூம் விளக்கின் சுவிட்ச் எங்கே, தாழ்ப்பாள் எப்படி, தண்ணீர் குடிக்க யாரைக் கேட்க வேண்டும், ராத்திரி பயந்தால் யாரை எழுப்பலாம்.

இரவு விஷயத்தில் நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். தனி அறை, புதுக் கட்டில், பூப்போட்ட போர்வை என்று தயார் செய்திருந்தோம். இல்லத்தில் இருபது பிள்ளைகளோடு வரிசையாகப் பாயில் படுத்துப் பழகியவளுக்கு அந்த அறையின் அமைதி எப்படி இருந்திருக்கும்? நள்ளிரவில் எழுந்து பார்த்தால், கூடத்தில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்திருக்கிறாள். அந்த மோட்டார் சத்தமாவது துணைக்கு இருந்தது. மறுநாளே கட்டிலை ஓரம் தள்ளிவிட்டு, எங்கள் அறையில் அவளுக்கென்று தனிப் பாய் விரித்தோம். தனி அறைக்குப் போக ஐந்து மாதம் ஆயிற்று.

படுக்கை நனைந்தால் ரப்பர் ஷீட்டை மாற்றுங்கள், வேறு உடை கொடுங்கள், படுக்கச் சொல்லுங்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். ஆறுதல் வார்த்தைகூட முதலில் வேண்டாம். காலையில் மொட்டை மாடியில் எல்லாருக்கும் தெரியும்படி காயப்போடவும் வேண்டாம்.

சாப்பாட்டை ஒளித்து வைப்பது

ஒருநாள் தலையணை உறையிலிருந்து எறும்பு வரிசை போனது. உள்ளே இரண்டு இட்லி, ஒரு பிஸ்கட் பாக்கெட், பாதி வாழைப்பழம். நிறையப் பிள்ளைகளிடம் இது உண்டு. இதைத் திருட்டு என்று நினைப்பவர்களிடம் நான் வாதாட மாட்டேன். அடுத்த வேளை வருமா என்று தெரியாமல் இருந்த வயிறு சேர்த்து வைக்கத்தான் செய்யும்.

நாங்கள் செய்தது இதுதான். மூடி உள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றில் அவள் பெயரை ஒட்டி, அவளுக்கு எட்டும் இடத்தில் வைத்தோம். முறுக்கு, கடலை உருண்டை, ஒரு பழம். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். டப்பா காலியாகவே ஆகாது. இதில் கடைசி வாக்கியம்தான் முக்கியம். ஒருநாள் அது காலியாக இருந்தால் அதுவரை செய்ததெல்லாம் வீண். முதல் மாதம் ஒரு நாளைக்கு மூன்று முறை நிரப்பினேன். நான்காம் மாதம் முறுக்கு நமத்துப்போனது. நமத்துப்போன முறுக்கைப் பார்த்து சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சாப்பிடும்போது "பாவம், பட்டினி கிடந்த புள்ள, நல்லா சாப்பிடட்டும்" என்று யாரையும் அவள் காதுபட சொல்ல விடாதீர்கள். அளவுக்கு மீறிச் சாப்பிட்டு வாந்தி எடுத்தாலும், தட்டைப் பிடுங்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறி, "இன்னும் இருக்கு, நாலு மணிக்கும் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருங்கள்.

பாசத்தைவிட நேரம் முக்கியம்

நாமெல்லாம் பாசத்தைக் கொட்டினால் எந்தப் பிள்ளையும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி வளர்ந்தவர்கள். எனக்கு இதில் இப்போது சந்தேகம் உண்டு. இடம் இடமாக மாறி வந்த பிள்ளை பாசத்தை உடனே நம்பாது. ஏற்கெனவே பாசமாக இருந்த ஆட்கள் காணாமல் போயிருக்கிறார்கள். அது சோதித்துப் பார்ப்பது வேறு ஒன்றை: சொன்னது நடக்கிறதா?

அதனால் ஒரு நாளின் வேலைகளை ஒரு அட்டையில் வரைந்து ஒட்டினோம். பல் தேய்க்க ஒரு படம், இட்லிக்கு ஒரு படம், பள்ளி, நாலு மணி பால், விளையாட்டு, குளியல், கதை, தூக்கம். தினமும் அதே வரிசை. சலிப்பாகத்தான் இருக்கும். சலிக்கிற அளவுக்கு ஒரே மாதிரி போனால்தான் பிள்ளை மூச்சு விடும். மாறுதல் வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்: "நாளைக்கு நாலு மணிக்கு நான் இருக்க மாட்டேன், பாட்டி பால் தருவாங்க, ஆறு மணிக்கு நான் வந்துடுவேன்." ஆறு மணி என்றால் ஆறு மணி. பஸ் கிடைக்காவிட்டால் ஆட்டோ.

செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். "எப்பவும் நீ இங்கதான் இருப்பே" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லக் கூடாது. அது நம் கையில் இல்லை.

அடம் பிடிக்காத பிள்ளையைப் பாருங்கள்

"ரொம்ப நல்ல புள்ள, ஒரு தொந்தரவு இல்ல, ரெண்டே நாள்ல பழகிட்டா." முதல் மாதம் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது. எனக்கும் பெருமையாக இருந்தது. அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று மாவட்ட அலகின் மனநல ஆலோசகர் எடுத்துச் சொன்ன பிறகுதான் புரிந்தது.

சுமார் எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன், பெற்றோரை விட்டு லண்டன் மருத்துவமனைகளில் இருந்த சின்னக் குழந்தைகளை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் கவனித்து வந்தார். குழந்தைகள் முதலில் அழுது போராடின, பிறகு துவண்டு ஒடுங்கின, அதன் பின் அமைதியாகி யாரோடும் சிரித்துப் பேசின. செவிலியர்கள் அந்த மூன்றாம் நிலையைப் பார்த்து "பழகிவிட்டது" என்றார்கள். குழந்தை பற்றை விட்டுவிட்டது என்றார் ராபர்ட்சன். யார் வந்தாலும் மடியில் ஏறும், யார் போனாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளையை நாம் சுலபமான பிள்ளை என்று நினைக்கிறோம்.

எங்கள் பிள்ளை ஏழாவது வாரம் முதன்முறையாகக் கத்தித் தீர்த்தாள். சாம்பார் கிண்ணம் பறந்தது. ஆலோசகரிடம் போன் செய்து புலம்பினால், "நல்லது, இப்பதான் உங்க வீட்ல கோவப்படலாம்னு நம்புறா" என்றார். அந்த நேரத்தில் அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது என்பது வேறு விஷயம்.

சரி, கத்தும்போது என்ன செய்வது? கண்ணாடி, கத்தி போன்றவற்றை எட்டாத இடத்துக்கு நகர்த்துங்கள். மற்றப் பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள். அப்புறம் அவளைவிடத் தாழ்வாக உட்காருங்கள். நின்றுகொண்டு பேசும் பெரியவர் பிள்ளைக்குப் பூதம் மாதிரி. குரலை இறக்கி, ஒரே வாக்கியம்: "நான் இங்கதான் இருக்கேன்." "ஏன்" என்று கேட்காதீர்கள், அவளுக்கும் தெரியாது. கட்டிப்பிடித்து அடக்காதீர்கள். கையை நீட்டி வையுங்கள், வேண்டுமென்றால் வருவாள். அடங்கிய பிறகு தண்ணீர் கொடுங்கள். அறிவுரை அன்று வேண்டாம். மறுநாள் விளையாடும்போது, "நேத்து ரொம்பக் கோவம் வந்துச்சு இல்ல? வயித்துலயா வந்துச்சு, தலையிலயா?" என்று கேட்டுப் பாருங்கள். எங்களுடையவள் "காதுல" என்றாள்.

அடிக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அடிக்காதவர்களும் மிரட்டுவார்கள். "மறுபடி ஹோம்லயே விட்டுடுவேன்", "போலீஸ்கிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்." மற்றப் பிள்ளைகளுக்கு இது பூச்சாண்டிக் கதை. இவர்களில் சிலரை உண்மையிலேயே போலீஸ்காரர்தான் வீட்டிலிருந்து கூட்டி வந்திருப்பார்.

வயதுக் கணக்கையும் மாற்றிக்கொள்ளுங்கள். பகலில் ஏழு வயதுப் பெண், இரவில் மூன்று வயதுக் குழந்தை. கடையில் கணக்காகச் சில்லறை வாங்கி வருவாள், பல் தேய்க்கத் தெரியாது. எந்த வயது வருகிறதோ அந்த வயதுக்குப் பேசுங்கள். ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000-களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் விட்டுத் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்கு வந்த குழந்தைகள் ஒட்டுதலில் நன்றாகவே தேறினார்கள். நம்மிடம் வருபவர்கள் அதற்கும் பல வருடம் கழித்து வருகிறார்கள். பொறுமையை அதற்கேற்ப அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தலை, எண்ணெய், தொடுகை

பிள்ளை வந்ததும் தலையைப் பிடித்து எண்ணெய் தேய்த்து, பேன் பார்த்து, குளிப்பாட்டிவிடத் தோன்றும். நமக்கு அதுதான் பாசம். ஆனால் தொடுகையால் காயப்பட்ட பிள்ளையா என்று நமக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். பேனுக்காக மொட்டை அடிக்கவே கூடாது. மருந்து இருக்கிறது, சீப்பு இருக்கிறது. எங்கள் வீட்டில் வழி பிறந்தது தலைகீழாக: நான் தரையில் உட்கார்ந்து, என் தலைக்கு அவளை எண்ணெய் வைக்கச் சொன்னேன். அரைப் புட்டி எண்ணெய் போயிற்று, முகமெல்லாம் வழிந்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போன பிறகு அவளாகவே திரும்பி உட்கார்ந்தாள்.

பிள்ளை எப்போதாவது, பெரும்பாலும் நாம் வேறு வேலையாக இருக்கும்போது, யாரோ தனக்குச் செய்த தவறைச் சொல்லலாம். முகத்தை மாற்றாதீர்கள். துருவிக் கேட்காதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "சொன்னது நல்லது, உன் தப்பு இல்ல" என்பது போதும். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வைத்து, அன்றே பாதுகாப்பு அலகுக்கோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள். பாலியல் குற்றமென்றால் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் சொல்கிறது.

அவளுடைய அம்மா

இந்த வேலையில் கடினமான பகுதி இதுதான். என் அனுபவத்தில் சொல்கிறேன், உங்களுக்கு அந்த அம்மா மேல் கோபம் வரும். வரட்டும், ஆனால் பிள்ளை முன்னால் வாயில் வரக் கூடாது. அம்மாவைத் திட்டினால் பிள்ளை தன்னைத் திட்டியதாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அவளே முடிவு செய்யட்டும். "இனிமே நான்தான் உனக்கு அம்மா" என்று சொல்ல வேண்டாம், அவளுக்கு அம்மா இருக்கிறார். நல்லவேளை, தமிழில் முறைக்கா பஞ்சம்? அத்தை, சித்தி, பெரியம்மா. இவள் இரண்டு மாதம் என்னை "மிஸ்" என்றாள், பிறகு எப்படியோ "அத்தை" ஆனேன். வீட்டுக்காரர் மாமா ஆனார். பெயரை மாற்றாதீர்கள், செல்லப் பெயராகக்கூட. அவள் மதம் வேறு என்றால் அதன்படியே இருக்கட்டும். காதுகுத்து, முடி இறக்குவது எதுவும் கேட்காமல் செய்யக் கூடாது.

நலக் குழு அனுமதித்தால் பெற்றோர் அவ்வப்போது வந்து பார்க்கலாம். பார்ப்பதற்கு முந்தின நாள் வயிற்றுவலி வரும், வந்து போன பிறகு இரண்டு நாள் வீடு ரணகளமாகும். "அவங்க வந்தாலே புள்ள கெட்டுப்போகுது, வராம இருந்தா நல்லது" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், நமக்கும் அப்படித் தோன்றும். ஏக்கம் வெளியே வருகிறது, அவ்வளவுதான். பிள்ளை பயத்தில் உறைந்து போனாலோ, உடம்பில் தடயம் தெரிந்தாலோ அது வேறு, உடனே அலகில் சொல்லுங்கள். மற்றபடி சந்திப்பு நாளை எளிமையாக வையுங்கள். அதே இடம், அதே நேரம், கையில் அவள் வரைந்த ஒரு படம் அல்லது பலகாரம் அம்மாவுக்குக் கொடுக்க. திரும்பி வந்ததும் "என்ன பேசினீங்க?" என்று விசாரணை வேண்டாம். பிடித்த சாப்பாடு, சீக்கிரத் தூக்கம்.

அம்மா வரவில்லை என்றால்? எங்களுக்கு மூன்று முறை அப்படி நடந்தது. "பஸ் கிடைச்சிருக்காது" என்று கதை கட்டாதீர்கள். "இன்னைக்கு அம்மா வரல. ஏன்னு எனக்குத் தெரியல. உன்னால இல்ல." அதைச் சொல்லிவிட்டு, கொண்டு போன பலகாரத்தை என்ன செய்யலாம் என்று அவளையே கேளுங்கள். முதல் முறை எறிந்தாள். மூன்றாம் முறை பாட்டிக்குக் கொடுத்தாள்.

அக்கம்பக்கம், வாட்ஸ்அப், பள்ளி

"யார் புள்ள இது? என்ன ஆளுங்க?" இந்தக் கேள்வி வராத தெரு நம் ஊரில் இல்லை. ஒரே பதிலை வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள்: "எங்களோட இருக்கா." அதோடு நிறுத்துங்கள். மேற்கொண்டு கேட்டால் வெயிலைப் பற்றிப் பேசுங்கள். அவள் கதை அவளுடையது, யாருக்குச் சொல்வது என்பதும் அவள் இஷ்டம். அவளும் பள்ளியில் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும்: "நான் அத்தை வீட்ல இருந்து படிக்கிறேன்."

பிறந்தநாள் படத்தை ஸ்டேட்டஸில் போட ஆசை வரும். கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் வெளியே தெரியும்படி படமோ விவரமோ வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடும்பக் குழுவில் ஒரு மைத்துனர் இருப்பார், அவருக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

பள்ளியில் தலைமை ஆசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டும் சொல்லுங்கள், அதுவும் தேவையான அளவு. "என் குடும்பம்" கட்டுரை, அன்னையர் தின வாழ்த்து அட்டை போன்றவை வரும்போது முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். படிப்பில் பின்தங்கியிருந்தால் முதல் அரையாண்டு வரை டியூஷன் வேண்டாம். பயந்த மூளையில் வாய்ப்பாடு நிற்காது.

உங்கள் பிள்ளையும் நீங்களும்

எங்கள் பையனுக்குப் பதினொரு வயது. தங்கச்சி வருகிறாள் என்று குதித்தவன், மூன்றாம் வாரம் "இவ எப்ப போவா?" என்று கேட்டான். அவனைத் திட்டவில்லை. வாரத்தில் ஒரு மாலை அவனோடு மட்டும் என்று ஒதுக்கினோம். அவன் சாமான்களில் சிலவற்றைப் பகிரத் தேவையில்லை என்று அலமாரிக்குப் பூட்டும் போட்டுக் கொடுத்தோம். அது வேலை செய்தது.

உங்களுக்கும் ஒருநாள் வெறுத்துப்போகும். பாத்ரூமுக்குள் போய் அழுவீர்கள். அலுப்பை மறைக்காமல் அலகின் பணியாளரிடம் சொல்லுங்கள். சட்டப்படி மாதாமாதம் நலக் குழு பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சந்திப்பை நம்மைக் குற்றம் கண்டுபிடிக்கும் சோதனையாக நினைக்காமல், கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளும் நாளாக ஆக்கிக்கொள்ளலாம்.

வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, பேச்சு நின்றுவிட்டது, தன்னையோ மற்ற உயிர்களையோ காயப்படுத்துகிறது, மண் சாம்பல் என்று தின்கிறது, வயதுக்கு மீறிய பாலியல் விளையாட்டு விளையாடுகிறது. இவற்றில் எது இருந்தாலும் பொறுத்துப் பார்க்க வேண்டாம். அலகின் ஆலோசகரைக் கேளுங்கள், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். உங்களுக்கே பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண். தமிழில் பேசலாம்.

போகிற நாள்

பதினான்கு மாதம் கழித்து, அவள் அம்மாவால் மறுபடி பார்த்துக்கொள்ள முடியும் என்று நலக் குழு முடிவு செய்தது. இது தெரிந்தவுடன் பிள்ளையிடம் சொல்ல வேண்டும், கடைசி நாள் வரை மூடி வைக்கக் கூடாது. நாள்காட்டியில் போகிற நாளை வட்டமிட்டோம். அதற்கு முன் இரண்டு முறை அம்மா வீட்டில் ஓர் இரவு தங்கி வந்தாள். பதினான்கு மாதத்தின் படங்களை ஒரு நோட்டில் ஒட்டினோம். விழுந்த பல், முதல் சைக்கிள், பாட்டியின் கை. அதன் அடியில் அவள் சொல்ல நான் எழுதினேன். சில பிள்ளைகள் இந்த நாட்களில் மறுபடி படுக்கையை நனைக்கும், உங்களை வெறுப்பதுபோல் பேசும். வெறுத்துவிட்டுப் போவது சுலபம் என்று அந்த மனசு கணக்குப் போடுகிறது. இவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அவள் அம்மாவுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். தூங்கும்போது கூடத்து விளக்கு, நாலு மணி பால், கோபம் வந்தால் காதில் வரும், "கிளம்பு" வேண்டாம். டப்பாவையும் நிரப்பிக் கொடுத்தேன்.

வாசலில் என்ன சொல்வது என்று முந்தின இரவெல்லாம் யோசித்தேன். "போயிட்டு வா" என்பதுதான் வாயில் வரும். ஆனால் இந்த வீட்டில் "வா" என்றால் வருவது என்று பழக்கியிருக்கிறோம், அவள் வருவாளா என்பது என் கையில் இல்லை. வாரம் ஒருமுறை போன் பேச அனுமதி வாங்கியிருந்தேன். அதனால், "ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு போன் பண்றேன்" என்றேன். தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஞாயிறு ஐந்து மணிக்கு அடித்தேன். இரண்டாவது மணியிலேயே அவள் அம்மா எடுத்தார். "நாலு மணியிலேருந்து போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா" என்றார்.